பெட்டிக்கு வைத்த பொட்டு

"அண்ணி, ஒரே மூச்சா ஊதணும். நடுவுல நிப்பாட்டக் கூடாது."

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவின் மேசைமேல் ஒரு சின்னக் கருவியை வைத்துவிட்டுத் தம்பி ரவீந்திரன் இப்படிச் சொன்னான். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் வெள்ளைக் குழாய். மறுபக்கம் மஞ்சளாக எரியும் சிறு விளக்கு. சரியாக ஊதினால் அது பச்சையாக மாறும் என்றான். புது ஆராய்ச்சிக்காகப் பல பேரின் மூச்சை எடுக்கிறானாம்.

அன்று வெள்ளிக்கிழமை. என் மனைவி சரோஜா வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள். சிவந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இது என்னாத்தக் கண்டுபிடிக்கும் தம்பி?"

"ஒடம்புக்குள்ள இருக்குற சீக்கக் கண்டுபிடிக்கும். கிட்னி பழுதாப் போனா மூச்சுல அமோனியா வரும் அண்ணி. துளியூண்டுதான். நம்ம மூக்குக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்."

அமோனியா என்ற பேரைக் கேட்டதும் சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். தம்பி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குழாயைக் கையில் எடுத்தாள். அதை வாயில் வைப்பதற்கு முன் நடந்ததெல்லாம் சொல்லியாக வேண்டும்.

கேட்டவருக்குப் பதில்

சில வாரங்களுக்கு முன் ரப்பர் பால் வெட்டுப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் யட்டியாந்தோட்டை கடைவீதியில் என்னை நிறுத்தினார். "உங்க தம்பி பெரிய விஞ்ஞானியாமே. யூனிவர்சிட்டி கம்பஸ்ல படிச்சுக் குடுக்குறாராமே. அவரப் பத்தி ஒரு வரி எழுதலியே. பெருமையா எழுத வேண்டாமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நேரில் ஆளோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. நான் அதோடு நின்றவன். பேசத் தெரியாததால்தான் எழுதுகிறேன்.

பெருமையாக எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். வருவது வேறாக இருக்கிறது.

பால் நாற்றம்

ரப்பர் தோட்டத்து நாற்றத்தைப் பிற ஊர்க்காரருக்கு விளக்க முடியாது. புளித்த பால், பழைய செருப்பு, ஈரத் துணி மூன்றையும் ஒன்றாக மூடிவைத்துத் திறந்தது போல இருக்கும். எங்கள் தொழிற்சாலையில் அதற்கு மேல் அமோனியாவும் உண்டு. மரத்துப் பால் கட்டிபடாமல் இருக்க அதைக் கலப்பார்கள். வாயு உருளையின் வால்வைத் திறந்தால் குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். முதல்நாள் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றும். பிறகு பழகிவிடும். பழகியபின் மூக்கு அந்த வாசத்தைச் சொல்வதை நிறுத்திவிடும்.

நான் பால் நிறுக்கும் இடத்தில் வேலை செய்தேன். சரோஜா தொட்டி கழுவினாள்.

அவள் கலியாணமாகி இங்கே வந்தபோது ரவி பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதிகாலையில் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கட்டிக் கொடுத்தது அவள்தான். எங்கள் வேலைத் துணியோடு சேர்த்துத் துவைத்ததால் அவனுடைய வெள்ளைச் சட்டையிலும் அந்த வாசம் ஏறிவிடும். ஒருநாள் புத்தகப் பையை வீசிவிட்டு அழுதான்.

"பக்கத்துல உக்கார மாட்டேங்குறானுங்க அண்ணி. பால் நாத்தம் வருதுன்னு மூக்கப் பொத்துறானுங்க."

மறுநாள் முதல் அவன் சட்டையைத் தனியாக, எலுமிச்சம் இலை போட்ட தண்ணீரில் அலசினாள். அவன் கம்பஸ் போகும்வரை அதை விடவில்லை.

பின்னால் அவன் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிறகு கம்பஸில் ஒரு விழா வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தான். மேடையில் நின்று, "என் அண்ணியின் சேலையில் வந்த அமோனியா வாசத்தில்தான் என் ஆராய்ச்சி தொடங்கியது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். சரோஜா என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டே அழுதாள். திரும்பி வரும்போது வரக்காப்பொலையில் பஸ் நின்றது. அங்கே தேங்காய் விற்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "எங்க தம்பி மேடையில என்னையப் பத்திப் பேசிச்சு" என்று சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி. "அப்படியா நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிச் சந்தோசப்பட்டாள்.

கண்ணாடியில் ஒரு படலம்

அவனுடைய ஆராய்ச்சியை எனக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லியிருக்கிறான். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிறதல்லவா? அதுபோலச் சூடேற்றிய கண்ணாடியின்மேல் தகரத்தின் உப்பைக் கரைத்த நீரைப் பனி மாதிரித் தூவுவார்களாம். நீர் போய்விடும். கண்ணாடிமேல் ஒரு படலம் மிஞ்சும்.

நகத்தளவு சில்லொன்றைக் காட்டினான். சாய்த்துப் பிடித்தால் மண்ணெண்ணெய் சிந்திய ஈரத் தரைபோல நீலமும் ஊதாவும் ஓடின. நேராகப் பிடித்தால் ஒன்றுமே இல்லை.

"இதுக்கு மேல அமோனியா வந்து உக்காந்தா, இதுல ஓடுற கரண்ட் மாறும் அண்ணே. அந்த மாத்தத்த, இத வச்சிருக்குற பெட்டி பாத்துட்டே இருக்கும். கூடிச்சுன்னா கத்தும்."

"அப்ப இது ஒரு மூக்குன்னு சொல்லு."

"மூக்குதான். ஆனா பழகிப் போகாத மூக்கு."

அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழகிப் போகாத மூக்கு ஒன்று எங்கள் தொழிற்சாலைக்குத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவனும் அதையேதான் நினைத்திருந்தான். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் படலம் உண்மையான இடத்திலும் வேலை செய்யுமா என்று பார்க்க அவனுக்கு ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி வந்தான்.

மாமியா

பெட்டியைப் பால் தொட்டிக்கு மேலே, ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூடிய உயரத்தில் சுவரில் பொருத்தினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒரு சிங்களவர். நாங்கள் மாத்தையா என்போம். அவரும் பக்கத்தில் நின்றார். ரவி ஏணியில் நின்றபடியே அவரிடம் சிங்களத்தில் சொன்னான்.

"இது ஆராய்ச்சிக்குத்தான் மாத்தையா. இதை நம்பி இருந்துவிடாதீர்கள். முறையான அலாரம் ஒன்று போடுங்கள். அந்த வால்வும் பழசு, அதையும் மாற்றுங்கள்."

மாத்தையா சிரித்தார். "ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதங்களில் பெட்டி மழைக்கெல்லாம் கத்தியது. எங்கள் பக்கத்து மழையோ, வந்தால் போகாது. காற்றிலிருந்த ஈரத்தை அமோனியா என்று எண்ணிப் படலம் ஏமாந்துவிட்டது. அது கத்தினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். மெசின் பார்க்கும் முத்தையா அதற்கு மாமியா என்று பேர் வைத்தார்.

"ஓடுங்கடி, மாமியா கத்துது! மழ பேஞ்சாலும் கத்துது, வெயிலடிச்சாலும் கத்துது!"

"எங்க மாமியா பரவாயில்ல," என்பாள் சரோஜா, ஓடிக்கொண்டே. "அது சோறு தின்னுறப்பவாச்சும் வாய மூடும்."

இறந்துபோன என் அம்மாவைத்தான் சொல்கிறாள். எனக்கும் சிரிப்பு வரும்.

ரவி திரும்பத் திரும்ப வந்து படலத்தை மாற்றினான். கடைசியில் ஈரத்துக்கு ஏமாறாத ஒன்றைச் செய்துவிட்டான். குழாய் மூட்டில் கொஞ்சம் கசிந்தால் மட்டும் கத்தியது. அதன்பின் யாரும் மாமியா என்று கேலி செய்யவில்லை. முத்தையாகூட வேலைக்கு வந்ததும் அண்ணாந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் மெசினைத் தொடுவார்.

ஆயுத பூசை

எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்கு அடுத்தபடி பெரியது ஆயுத பூசை. பால் வெட்டுகிறவர்கள் கத்தியையும் வாளியையும் கழுவிக் கொண்டுவந்து வைப்பார்கள். தொழிற்சாலையில் மெசின், தராசு, தொட்டி, லொறி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். வாசலில் பூசணிக்காய் உடைப்போம். மாத்தையாவும் வந்து கைகூப்பி நின்று நெற்றியில் திருநீறு வாங்கிக்கொள்வார். சுண்டலென்றால் அவருக்கு உயிர்.

அந்த வருடம் சந்தனக் கிண்ணம் சரோஜாவின் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"அடடா, தம்பி பெட்டிய விட்டுட்டோமே!"

பெட்டியின் முகத்தில், நடுவே, வட்டமாக ஒரு சின்னச் சல்லடை இருந்தது. காற்று அதன் வழியாகத்தான் படலத்துக்குப் போகும். பொட்டு வைக்கவென்றே செய்த இடம்போல அது இருந்தது. யாராக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள். சரோஜா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, தாராளமாகச் சந்தனத்தை அப்பினாள். நடுவில் குங்குமத்தை அழுத்தினாள். இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன் சரோசா, மாமியாளுக்கு மட்டும் இம்புட்டுச் சந்தனமா?" என்றார் முத்தையா.

"எங்க தம்பி பெத்த புள்ளைங்க அது," என்றாள்.

மாத்தையா சுண்டல் மென்றபடி பக்கத்திலேயே நின்று இதைப் பார்த்தார். "ஹரி லஸ்ஸனய்" என்றார். மிகவும் அழகாக இருக்கிறதாம்.

சந்தனம் காய்ந்து சல்லடையில் இறுகிவிட்டது. பூசைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம், தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். பெட்டி கத்தவில்லை. கசிவு இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த மழை நாள்

சில வாரம் கழிந்திருக்கும். விடாத மழை. சாரல் அடிக்காதிருக்கக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். பழைய வால்வு காலையிலிருந்தே கசிந்திருக்கிறது. மூக்குக்குப் பழகிய வாசம் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தோம். மாமியா நெற்றிப் பொட்டோடு அமைதியாக இருந்தது.

சரோஜா தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தபோது வால்வு முழுதாக விட்டுவிட்டது. வெள்ளைப் புகை தொட்டிமேல் கவிந்தது. முத்தையாவும் நானும் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு அவளை இழுத்தெடுத்தோம். கண்ணைத் திறக்க முடியாமல், ஒரு சத்தமும் வராமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். கரையில் போட்ட மீனைத் தவிர வேறெதையும் அதற்கு உவமையாக என்னால் சொல்ல முடியவில்லை.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். அவர்களால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். கண் பிழைத்தது. நெஞ்சு பழைய நெஞ்சாகவில்லை. வாசம் தெரிவதும் நின்றுவிட்டது.

கேட்ட கேள்வி

கொழும்பிலிருந்து நிர்வாகத்தின் பெரியவர் ஒருவர் விசாரிக்க வந்தார். பால் நிறுக்கும் இடத்தில் கதிரை போட்டார்கள். பெட்டியைச் செய்தவன் என்பதால் ரவியையும் வரவழைத்தார்கள். சரோஜா வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தீர வேண்டியது ஒன்றுதான். வேலையில் வந்த காயம் என்று ஒப்புக்கொண்டால் வைத்தியத்தை நிர்வாகம் பார்க்கும், அவளுக்கு இலேசான வேலை ஒன்றும் கிடைக்கும். இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

மாத்தையா பெட்டியைக் கழற்றிக் காட்டினார். சல்லடையில் காய்ந்த சந்தனம்.

"மேக்க களே கவுத?" இதைச் செய்தது யார் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். சுண்டல் மென்ற அதே வாயால் கேட்டார்.

முத்தையா தரையைப் பார்த்தார். சரோஜா துவாயை எடுத்தாள். தொண்டையில் உமி சிக்கியது போன்ற குரலில், "நான்தாங்க," என்றாள். "ஆயுத பூசைக்கு வச்சோம். எல்லாத்துக்கும் வச்சிட்டு எங்க தம்பி சாமான மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை. தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் சொன்னாள்.

பெரியவர் ரவியிடம் திரும்பினார். பொட்டு இல்லாவிட்டால் பெட்டி கத்தியிருக்குமா?

ரவி பெட்டியைக் கையில் வாங்கினான். செய்து காட்டினான். சல்லடையைக் கழற்றித் துடைத்தான். அமோனியா இருந்த ஒரு சின்னப் போத்தலைத் திறந்து அருகில் பிடித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி கத்தியது. அந்தச் சத்தத்தில் சரோஜாவின் உடம்பு தூக்கிப்போட்டது.

"படலத்தில் பிழையில்லை," என்றான் ரவி. "கட்டாயம் கத்தியிருக்கும். முன்கூட்டியே."

அப்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம். அதை நான் மறக்கவில்லை.

நான் காத்திருந்தேன். ஏணியில் நின்று சொன்னதை இப்போது சொல்வான், பழைய வால்வைச் சொல்வான், முறையான அலாரத்தைச் சொல்வான் என்று. அவன் போத்தலை மூடினான். நான் பின்னால் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், வால்வு சங்கதியச் சொல்லுடா."

"இருங்கண்ணே," என்றான், திரும்பாமல்.

இன்றுவரை இருக்கிறேன்.

பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளியே கெடுத்ததால் வந்த விபத்து என்று முடிந்தது. நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை. சரோஜாவுக்கு வேலையில்லை. இனித் தொழிற்சாலைக்குள் ஆயுத பூசையும் கிடையாது. அதற்கும் அவளைத்தான் லயத்தில் ஏசினார்கள். "சாமி காரியத்தையே நிப்பாட்டிட்டா" என்று எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், அவள் காதுபடவே சொன்னார்கள்.

அன்றைக்குப் பஸ் நிற்கும் இடம்வரை ரவியோடு நடந்தேன். என் வாழ்நாளில் நான் வாயைத் திறந்து கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று.

"ஏன்டா சொல்லல?"

"அவங்க கேட்ட கேள்விக்குத்தாண்ணே பதில் சொல்ல முடியும். நான் பொய்யா சொன்னேன்?"

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதே நிர்வாகத்தின் இன்னொரு தொழிற்சாலையில் புதிய பெட்டிகளை வைக்க அவனுக்கு அனுமதி கிடைத்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

அந்தப் பரிசோதனை பற்றி அவன் எழுதிய கட்டுரை வெளிநாட்டில் அச்சானது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். படலம் நன்றாக வேலை செய்ததாம். வெளிப்பொருள் படிந்ததால் பரிசோதனை இடையில் நின்றதாம்.

"அண்ணி பேரப் போடலண்ணே," என்றான். ஒரு உதவி செய்தவனைப் போலச் சொன்னான்.

மூச்சு

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

சரோஜா குழாயை வாயில் வைத்து ஊதினாள். மஞ்சள் விளக்கு மினுங்கியது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவினேன்.

"பரவாயில்ல அண்ணி. இன்னொரு தரம். கொஞ்சம் நீளமா."

மறுபடி ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. விளக்கு மஞ்சளாகவே இருந்தது.

"அது பச்சையாகணும்னா இன்னும் கொஞ்ச நேரம் விடாம ஊதணும். முயற்சி பண்ணுங்க."

"இருந்தா ஊத மாட்டனா தம்பி?" என்றாள். "உள்ள இருக்குறதே அம்புட்டுத்தான்."

ரவி கருவியைத் திருப்பிப் பார்த்தான். குழாயைக் கழற்றித் துடைத்தான். எங்கே பிழை என்று தேடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அது கருவிக்காகவா அவளுக்காகவா என்று பிரித்தறிய எனக்குப் படிப்புப் போதாது.

"சரி, விடுங்க அண்ணி," என்றான். "உங்க மூச்ச இதுல சேத்துக்க மாட்டேன். சரியா ஊதுனவங்கள மட்டுந்தான் எடுப்போம்."

சரோஜா எழுந்துபோய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பிடிக்குமே என்று இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். இஞ்சி வாசம் அவளுக்குத் தெரியாது. கை அளவில் போடுகிறாள். கோப்பையை வைக்க இடமில்லாமல் மேசைமேல் அந்தக் கருவி இருந்தது. அதன் முகத்தில், நடுவே, வட்டமாக ஒரு சின்னச் சல்லடை.

சந்தனக் கிண்ணம் வாசற்படியில் அப்படியே இருந்தது.

"இத எடுத்துப் பையில வைங்க தம்பி," என்றாள் சரோஜா. "வெள்ளிக்கெழம. கை தானாப் போயிரும்."